அந்தோணியார் பக்கத்து வரிசை

– போதுங்க. தோலு உரிஞ்சு வந்துடப் போவுது.

– கறை இன்னும் போவல ஆஞ்சலா. இந்தக் கட்டைவெரலு ஓரத்தைப் பாரு...

– பதினெட்டு வருஷமா பீன்யா கம்பெனியில லேத்து முன்னாடி நிக்கிற கை. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில வெளுத்துடுமா? இரும்புத் தூளு உள்ளயே எறங்கிக் குடித்தனம் பண்ணுது.

– மரத்தூளு இன்னும் ஒரு புடி போடு.

– இந்தாங்க. எலுமிச்சம்பழமும் இருக்குது, தேய்ங்க. ஆனா போன வாரம் மாதிரி மண்ணெண்ணெ டின்னை மட்டும் தொட்டீங்க...

– தொடல தாயே.

– கோயில்ல உங்க பக்கத்துல வந்தா ஸ்டவ்வு பத்தவச்ச மாதிரி இருந்துச்சு. வெள்ளச் சட்டை, புதுச் செருப்பு, கையில தங்க முலாம் பூசுன பாத்திரம். வாசனை மட்டும் ரேஷன் கடை.

– சிரி... நல்லா சிரி.

– சிரிக்காம? டெய்லர் யூனிஸ் உங்ககிட்ட நன்மை அப்பம் வாங்கிட்டுப் போயி முட்டி போட்டு மூக்கையே தொடச்சுக்கிட்டிருந்தா.

– பக்தியில கண்ணு கலங்கிடுச்சுன்னு நெனச்சேன்.

– பக்தி இல்ல. கெரசினு.

– அப்போ ஜனங்க வராததுக்குக் காரணம் அந்த வாசனைதானா?

– எலுமிச்சம்பழத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்ங்க.

– தொண்டை காயுது. ஒரு வாய் காபி குடு.

– பூசைக்கு முன்னாடியா? இந்த வீட்டுல அது நடக்காது. நன்மை வாங்காம காபி எறங்கினா எனக்கு வயித்தைக் கலக்கும். எட்டு மணிப் பூசை முடியட்டும், சொம்பு நெறைய குடுக்கிறேன்.

– இன்னிக்கு நான் போவல.

– பூசைக்கா?

– பூசைக்கு வருவேன். ஜனங்களோட பெஞ்சுல குந்திக்கிறேன். பீடத்துக்கிட்டப் போயி பாத்திரத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற வேலை எனக்கு வேணாம்.

– வெளாடாதீங்க.

– வெளாடல. போன வாரம் நடந்தது உனக்குத் தெரியாதா? நடுவுல சாமியாரு. இந்தப் பக்கம் அந்தோணியார் சுரூபத்துக்கிட்ட நானு. ரெண்டு வரிசையும் சமமாத்தான் வந்துச்சு. எனக்கு ரெண்டடி தூரம் இருக்கிறப்போ தலையத் தூக்கிப் பாத்தாங்க. "அடடே, நம்ம டர்னர் ரெமிஜியஸு"... அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா நழுவி, நைசா சாமியார் வரிசைக்குப் போயிட்டாங்க.

– எல்லாருமா போனாங்க?

– பாட்டுக்காரங்க நன்மைப் பாட்டை நாலு தடவை பாடி தொண்டை கட்டிப்போச்சு. அங்க சாமியாருக்கு கை வலி. இங்க நானும் அந்தோணியாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம்.

– ஏழு பேரு வந்தாங்க இல்ல?

– முன்னூறு பேருல ஏழு.

– ஏழு கம்மியா?

– மடத்துச் சிஸ்டருங்க குடுத்தா வாங்குறாங்க. நான் குடுத்தா ஆவாதா? அதே அப்பம்தானே? அதே ஆண்டவர்தானே?

– இதை அவங்ககிட்டக் கேளுங்க. ஏன், கோவம் வருதில்ல? அந்தக் கோவத்தோட போயி நில்லுங்க.

– சிஸ்டருங்க உடுப்பு போட்டவங்க. நான் ரெண்டாவது ஷிப்டு.

– ரெண்டாவது ஷிப்டுக்காரன் குடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது? சாமியார் பிரசங்கத்துல தெளிவா சொன்னாரா இல்லியா? "நன்மை குடுக்க இனிமே குடும்பஸ்தங்களும் வருவாங்க, ஆயரு அனுமதி குடுத்துட்டாரு"ன்னு. நாலு ஞாயித்துக்கெழமை பயிற்சிக்குப் போனீங்க. ஒரு நாளும் லேட்டாப் போனதில்ல. என் கல்யாணத்துக்கே அரை மணி லேட்டா வந்த ஆளு.

– அது பி.டி.எஸ். பஸ்ஸு பண்ணுன வேலை.

– இருபது வருஷமா இதையே சொல்லுங்க.

– ஏய், என் சட்டை ஜோபியில கடுதாசி இருக்குது. தண்ணி படாம பாத்துக்க.

– இன்னா கடுதாசி?

– அப்புறம் சொல்றேன்.

– விட்டுடறேன்னு எழுதிட்டீங்களா? நெசமாவா? ஏங்க...

– கையப் பாரு ஆஞ்சலா. நல்லாப் பாத்துச் சொல்லு. இந்தக் கையில ஆண்டவரை வாங்க உனக்கு மனசு வருமா?

– இப்படி நீட்டுங்க. ம்... சொல்லட்டுமா? தொண்ணூத்தி மூணுல உங்க கிருஷ்ணப்பாவுக்கு மெஷினுல வெரலு துண்டாப் போச்சே, எல்லாரும் கத்திக்கிட்டு நின்னப்போ அதைத் தேடி எடுத்து, ஐஸுல போட்டு, அவரைத் தோள்ல சாச்சு ஆட்டோவுல ஏத்துனது எந்தக் கை?

– அது வேற.

– எந்தக் கைன்னு கேட்டேன்.

– இதான்.

– இன்னிக்கும் அந்த வெரலால வெத்தல போட்டுக்கிட்டு, "நின் கைனே தேவரு"ன்னு கன்னடத்துல, உன் கைதான் தெய்வம்னு சொல்றாரே அந்த மனுஷன். அவரு கோயிலுக்கு வர்றவரு கூட இல்ல. அவருக்குத் தெரிஞ்சது நம்ம சனத்துக்குத் தெரியல.

– தெரியலையே, இன்னா பண்றது?

– தெரியற வரைக்கும் நிக்கணும். ஆண்டவரு கூப்பிட்ட பேதுரு கையில மட்டும் சந்தன வாசனையா வந்துச்சு? மீன் நாத்தம்.

– அது சாமியார் போன மாசம் சொன்னது. உன் சொந்தச் சரக்கு இருந்தா எடு.

– எடுக்கிறேன். கூப்பிட்டவரு உங்க கையப் பாக்காமலா கூப்பிட்டாரு? எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் கூப்பிட்டாரு. அப்புறம் நீங்க யாரு, "எனக்கு யோக்கியதை இல்ல, வேற ஆளப் பாருங்க"ன்னு சொல்றதுக்கு? அது பணிவு இல்லங்க. அது பயம். பணிவுன்னு ஒரு வெள்ளத் துணியப் போட்டு மூடின பயம்.

– இன்னொரு தடவை சொல்லு.

– எதுக்கு?

– நல்லாருந்துச்சு. மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

– கிண்டலா?

– இல்ல. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வேணும். "பணிவுன்னு வெள்ளத் துணியப் போட்டு..." அப்புறம்?

– போங்க.

– சரி, அந்த ஏழு பேரை எனக்கு அனுப்பினது யாரு?

– யாரு அனுப்புவாங்க? ஆண்டவரு.

– ஆண்டவரு பேரு ஆஞ்சலாவா? ஆட்டோக்கார க்ளென் வந்தான். "கிறிஸ்துவின் உடல்"னு அப்பத்தை நீட்டினேன். "ஆமென், ஆஞ்சலாக்கா சொல்லுச்சு"ன்னான்.

– அட பாவி. வாய மூடிக்கிட்டு வாங்குடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

– வாய மூடிக்கிட்டு எப்படி வாங்குவான்?

– சிரிக்க வைக்காதீங்க... ஆமா. நான்தான் அனுப்பினேன். சனிக்கெழமை ஜாக்கெட்டு தைக்கக் குடுக்கிற சாக்குல யூனிஸ்கிட்டப் போனேன். "நாளைக்கு அந்தோணியார் பக்கம் நில்லு, இல்லாட்டி என் ஜாக்கெட்டைத் திருப்பிக் குடு"ன்னேன். அவ மூலமா ரெண்டு பேரு. நம்ம சந்துல மூணு பேரு. க்ளென் தானா மாட்டினான்.

– உனக்கு எப்படித் தெரிஞ்சுது, வரிசை மாறுவாங்கன்னு?

– நம்ம சனத்தை எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்குறவ நானு. தண்ணி கொண்டுபோனா, "கைய கழுவினியா?"ன்னு கேக்குற சனம். நர்ஸம்மா குடுத்தா மட்டும் கேக்காம குடிக்கும்.

– ஏழு பேருக்கு ஊரெல்லாம் சுத்தினவ, எட்டாவதா நீ ஏன் வரல?

– ...நான் பின்னாடி இருந்தேன்.

– வரிசை பின்னாடி வரைக்கும் வந்துச்சே.

– கூட்டமா இருந்துச்சு.

– என் பக்கமா? அந்தோணியாரைக் கேளு, எவ்வளவு கூட்டம்னு சொல்லுவாரு.

– சாமியார் வரிசையில...

– அங்கயும் நீ நிக்கல. பாத்தேன். எனக்கு வேற வேலை என்ன? பாத்திரத்தைப் புடிச்சுக்கிட்டு கோயில் முழுக்கப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். கடைசி பெஞ்சுல, தலையில முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, குனிஞ்சு குந்திக்கிட்டிருந்த. நீ நன்மையே வாங்கல.

– அன்னிக்கு... காபி குடிச்சிட்டேன்.

– காபி?

– தலைவலி.

– காபி எறங்கினா வயித்தைக் கலக்கும்னு இப்பத்தானே சொன்னே?

– ...பாவசங்கீர்த்தனம் பண்ணாம எப்படி வாங்குறது?

– சனிக்கெழமை சாயந்திரம் பண்ணியே. உன் பின்னாடி நின்னது நானு. கால் மணி நேரம் பண்ணே. அப்படி இன்னா பாவம்னு நானே யோசிச்சேன்.

– தண்ணி நிக்கப் போவுதுங்க. இன்னிக்கு விட்டா காவேரி தண்ணி செவ்வாக்கெழமைதான் வரும். அந்தக் குடத்தை...

– குடம் ரொம்பி வழியுது. இப்படித் திரும்பு ஆஞ்சலா. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். என் கையப் பாத்துத்தான் வரலியா?

– ஐயோ! அப்படியா நெனச்சீங்க?

– நெனச்சேன். மத்தவங்க வரலன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ வரலன்னு... அழுகை வந்துச்சு. பாத்திரத்துல விழுந்துடுமோன்னு மேல பாத்துக்கிட்டேன்.

– ஒரு வாரமா இதை மனசுல வச்சுக்கிட்டா சோறு தின்னீங்க?

– ஒரு வாரம் இல்ல. புதன்கெழமை வரைக்கும்.

– புதன்கெழமை இன்னா?

– லீவு போட்டுட்டுச் சாமியாரைப் பாக்கப் போனேன். விட்டுடறேன்னு சொல்லப் போனேன்.

– எனக்குச் சொல்லாமயா?

– சொல்லாம செய்யறது இந்த வீட்டுல நான் மட்டும்தானா?

– ...சாமியார் இன்னா சொன்னாரு?

– "என் கை இந்த வேலைக்கு ஆவாது சாமி, வேற நல்ல ஆளாப் பாருங்க"ன்னேன். அவரு சிரிச்சாரு. "உங்க வீட்டுல ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடுறீங்க"ன்னாரு. "ரெண்டு பேருமா சாமி?"ன்னு கேட்டேன். அவருக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லிட்டாரு.

– எல்லாத்தையுமா?

– அவரு மொதல்ல கூப்பிட்டது என்னை இல்ல, உன்னைன்னு சொன்னாரு. "என்னை விடுங்க சாமி, என் வீட்டுக்காரரைக் கேளுங்க, அவரு நல்லவரு"ன்னு நீ சொன்னதையும் சொன்னாரு.

– நல்லவருன்னு சொன்னது பொய்யா?

– பேச்சை மாத்தாத.

– மாத்தல... இருங்க. இந்தக் கல்லு மேல குந்திக்கிறேன். ஆமாங்க. என்னைத்தான் கேட்டாரு. ஒரு வெள்ளிக்கெழமை ஆறாம் வார்டுக்கு நன்மை கொண்டாந்தாரு. காலு ஒடஞ்சு, எடையக் கட்டித் தொங்கவிட்டு, ரெண்டு மாசமா மல்லாந்தே கெடக்குதே வேதநாயகியம்மா, அதுக்கு நான் தலை சீவிவிட்டுக்கிட்டே செபமாலை சொல்லிக்கிட்டிருந்தேன். வாசல்ல நின்னு கேட்டிருக்காரு மனுஷன். போறப்போ என்னைக் கூப்பிட்டு, "நான் வாரம் ஒரு நாளுதான் வர முடியும் ஆஞ்சலா. நீ தெனமும் இங்கதான் இருக்க. பயிற்சிக்கு வா, இவங்களுக்கெல்லாம் நீ நன்மை குடு"ன்னாரு.

– நீ இன்னா சொன்னே?

– கையைப் பாத்தேன். அப்பத்தான் மூணு பெட்பேன் கழுவிட்டு வந்திருந்தேன். உங்க கையிலயாவது இரும்பு. இரும்பு சுத்தம். என் கையில... நான் சொல்ல மாட்டேன். "ஐயோ சாமி, ஆயா குடுத்தா யாரு வாங்குவா?"ன்னு உங்க பேரைச் சொல்லிட்டு ஓடிட்டேன். அடுத்த வாரமே உங்களைக் கூப்பிட்டாரு. நீங்க அந்தச் சந்தோசத்துல வீட்டுக்கு வந்து, "ஆஞ்சலா, ஆண்டவரு என்னைக் கூப்பிட்டுட்டாருடி"ன்னு கண்ணுல தண்ணி விட்டீங்க. அப்போ எப்படிங்க சொல்லுவேன், நான் தள்ளிவிட்டதுன்னு?

– அதான் வரிசைக்கு வரலியா?

– என் வேலைய உங்க தலையில கட்டிட்டு, உங்க எதிர்ல வந்து நன்மைக்கு எப்படி நாக்கை நீட்டுவேன்? ஏழு பேரை அனுப்பினா அந்தப் பாவம் தீரும்னு நெனச்சேன். தீரல. பெஞ்சுல ஒட்டிக்கிட்டு குந்திட்டேன்... கோவமா இருக்கீங்களா?

– மொத நாளு இருந்துச்சு. மிச்சம் கெடந்ததை சாமியாரு எனக்குப் போட்டாரான்னு. பீன்யாவுல எறங்கி நடந்து போறப்போ அதே யோசனை. அப்புறம் தோணுச்சு... நீ ஏறாம என்னை ஏத்திவிட்டே. ஆனா அது நானும் போவ வேண்டிய பஸ்ஸுதான். நான் எறங்கப் போறதில்ல.

– அப்போ இன்னிக்கு நிப்பீங்களா?

– ஒருத்தரும் வராட்டியும் நிப்பேன். அந்தோணியாருக்குத் தொணை வேணாமா?

– பின்ன ஏன் இவ்வளவு நேரம் போவலன்னு சொல்லி என் உசுர எடுத்தீங்க?

– நீ பேசறதைக் கேக்கத்தான். "கூப்பிட்டவரு கையப் பாக்காமலா கூப்பிட்டாரு?" சூப்பரா பேசினே. எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. இப்ப உனக்கு ஒப்பிக்கட்டுமா?

– வேணாம்.

– "அது பணிவு இல்ல, பயம்..."

– வேணாங்கறேன் இல்ல!

– சரி. ஜோபியில இருக்கிற கடுதாசிய எடு. என் கை ஈரம்.

– நான் பாக்க மாட்டேன்.

– நான் எழுதினது இல்ல. எடு.

– இது... சாமியார் கையெழுத்து. என் பேரு போட்டிருக்குது.

– வாய்விட்டுப் படி.

– "ஆஞ்சலா, அடுத்த ஞாயிறு புதுப் பயிற்சி ஆரம்பம். ஒரு இடம் வைத்திருக்கிறேன். மறுபடியும் கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல். ஆனால் இந்த முறை வேறு யார் பெயரையும் சொல்லாதே"...

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான். கீழ செலுவை போட்டிருக்காரு.

– பதிலு பூசைக்கு முன்னாடி வேணுமாம்.

– என் வரிசையில யாருங்க வருவா?

– வார்டுல ஏது வரிசை? எல்லாம் கட்டில்ல படுத்திருக்குது. நீதான் நடந்து போவணும். கட்டுப் போட்ட காலோட எவனும் எழுந்து சாமியார் பக்கம் ஓட முடியாது.

– சிரிக்காதீங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது.

– அடிக்கட்டும். எனக்கும் அடிச்சுது. இப்பவும் அடிக்குது. சாமியார்கிட்ட நான் இன்னான்னு சொல்லட்டும்?

– நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்.

– முடியாதுன்னா?

– ஒண்ணு நான் அவருகிட்டயும் சொல்லல, பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லல. வேதநாயகியம்மா கேட்டது சாமியாரை இல்லங்க. பெட்பேன் எடுத்துட்டு வர்ற இந்தக் கையப் புடிச்சுக்கிட்டு, "நீயே கொண்டாந்து குடேன் ஆஞ்சலா, உன் கை எனக்குப் போதும்"னு அன்னாடம் கேக்குது. நான்தான் கையை உருவிக்கிட்டு, "வெள்ளிக்கெழமை சாமியார் வருவாரும்மா, வருவாரும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்... தள்ளுங்க. அந்த எலுமிச்சம்பழத்துல பாதி மிச்சம் இருக்குதா? தண்ணி நிக்கறதுக்குள்ள நானும் கை கழுவணும். இன்னிக்கு உங்க வரிசையில மொத ஆளு நானு.